மந்தைவெளியில் தொலைந்த க்யூ

தீபிகா இரண்டாம் முறையாக எண்ணினாள். நூறு டைல்ஸ் இருக்க வேண்டிய பையில் தொண்ணூற்றொன்பதுதான் இருந்தன. காணாமல் போனது க்யூ என்ற எழுத்து.

காலை மணி பத்து. மந்தைவெளியில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் ஹால். எழுத்து டைல்ஸை அடுக்கி இங்கிலீஷ் வார்த்தை கட்டும் ஸ்க்ராபிள் ஆட்டக் கிளப்பின் இறுதிப் போட்டி தொடங்க வேண்டிய நேரம். ஜெயிப்பவருக்கு பெங்களூர் போட்டியில் ஆட இடம் கிடைக்கும். சரஸ்வதி பூஜையும் அதுவுமாக யாராவது இங்கிலீஷ் வார்த்தை தேடிக்கொண்டு உட்கார்வார்களா என்று கேட்காதீர்கள். லீவு நாளில்தான் எல்லோருக்கும் ஒழியும்.

"யாரும் நகரப்படாது!" என்றார் விஜயராகவன்.

பாங்கில் ஆடிட் பார்த்து ரிட்டயர் ஆனவர். அவருடைய சந்தேகம் மட்டும் இன்னும் ரிட்டயர் ஆகவில்லை. கிளப்பின் செயலாளர், போர்டின் சொந்தக்காரர், இன்றைக்கு ஆட வேண்டியவர்களில் ஒருவர், எல்லாம் அவரே. யூ இல்லாமல் க்யூ வரும் வார்த்தைகளைத் தேடித் தேடி மனப்பாடம் செய்திருந்தார். தினமும் சஹஸ்ரநாமம் முடிந்த கையோடு அவற்றையும் உரக்க ஒப்பிப்பார். மாடியில் அவர் வீட்டுக்குப் பால் போடுகிறவருக்கே பாதி வார்த்தை தெரியும்.

அவரை எதிர்த்து ஆட வந்தவர் ஜமீலுன்னிசா, திருவல்லிக்கேணிப் பள்ளியொன்றில் உயிரியல் டீச்சர். விஜயராகவன் போர்டும் டைல்ஸும் இருந்த பெட்டியை மேஜையில் வைத்துவிட்டுக் காபி குடிக்கப் போனபோது அவர்தான் முதலில் வந்திருந்தார்.

"தனியா இருந்தேளா?"

"ஆமா சார்."

"பெட்டியைத் தொட்டேளா?"

"இல்ல."

"க்யூ எங்கிட்ட வந்தா தோத்துடுவோம்னு தெரியுமோல்லியோ? கைப்பையைக் கவுத்துங்கோ."

எட்டுப் பேர் பார்த்துக்கொண்டிருக்க, ஜமீலுன்னிசா கைப்பையை மேஜையில் கவிழ்த்தார். கண்ணாடி, ஜபமணி, பஸ் பாஸ், மாத்திரை அட்டை, மீதி வைத்திருந்த பாதி பிஸ்கட். க்யூ இல்லை. பிஸ்கட்டைத்தான் அவர் முதலில் திரும்ப எடுத்து வைத்தார்.

"டைல் வரலேன்னா ஜெயிச்சது நான்தான்" என்றார் விஜயராகவன். "கிளப்லேர்ந்து இவா பேரையும் எடுத்துடணும்."

"இன்னா சார் இது அநியாயம்?" என்றான் சக்திவேல், அரையிறுதியில் தோற்றுவிட்டுப் பொரி தின்ன வந்திருந்தவன். "பை கீது, போர்டு கீது, க்யூவுக்கு மட்டும் காலா மொளச்சிச்சு?"

தீபிகாதான் நடுவர். தரமணியில் மற்றவர்கள் எழுதிய மென்பொருளில் குற்றம் கண்டுபிடிப்பது அவள் வேலை. காபியில்கூடக் குற்றம் கண்டுபிடிக்கிறாள் என்று அவள் வீட்டில் புகார். டைல்ஸ் இருந்த சுருக்குப் பையை வெளிச்சத்தில் திருப்பினாள். வாயோரம், உட்பக்கத்தில், மஞ்சளாய் ஒரு விரல் தடம். காய்ந்து போயிருந்தது.

"மருதாணிக் கை!" என்று ஜமீலுன்னிசாவின் சிவந்த விரல்களைக் காட்டினார் விஜயராகவன்.

தீபிகா பையை முகர்ந்தாள். "சார், பெட்டி மேல பொட்டு இருக்கே, யார் வெச்சது?"

"ஆத்துக்காரிதான். போர்டையே பூஜைல வெக்கணும்னு காலம்பரயே சண்டை. வெச்சா நாளைக்கு வரைக்கும் தொட முடியாதே! பொட்டோட நிறுத்திக்கோன்னு சொல்லிட்டேன்."

"பெட்டி எங்க இருந்துச்சு?"

"ஆத்துலதான். நான் குளிச்சுட்டு வந்து எடுத்துண்டு வந்தேன்."

தீபிகா ஜமீலுன்னிசாவைப் பார்த்தாள். "மேடம், உங்களுக்கு ஒரு டைல் திருடணும்னா எதை எடுப்பீங்க?"

"ப்ளாங்க். எந்த எழுத்தாவும் வெச்சுக்கலாமே. க்யூவை எதுக்கு எடுக்கணும்? ஃபகீர், கவ்வாலி, கிப்லா, எல்லாத்துலயும் க்யூ வருது... சார் மனப்பாடம் பண்ற பாதி வார்த்தை எங்க வீட்ல சும்மா பேசுறது. அது வந்தா எனக்கும் லாபம்தான்."

தீபிகா எழுந்தாள். "எடுத்தவங்க இந்த ஹால்லயே இல்ல. மாடிக்கு வாங்க."

இரண்டாவது மாடியில் விஜயராகவனின் மனைவி பங்கஜம் சுண்டல் தாளித்துக்கொண்டிருந்தார். கூடத்தில் ஹயக்ரீவர் படம். அதன் முன்னால் புத்தக அடுக்கு. அடுக்கின் உச்சியில், சந்தனமும் குங்குமமுமாக, க்யூ உட்கார்ந்திருந்தது.

"ஆட்டம் தெரிஞ்ச திருடன் ப்ளாங்கைத்தான் எடுப்பான்" என்றாள் தீபிகா. "க்யூவை எடுத்தது, ஆட்டம் தெரியாம தினமும் க்யூ பேர் மட்டும் கேக்கறவங்க. பையில இருந்தது மருதாணி இல்ல, சந்தனம். அதுவும் காஞ்ச சந்தனம். ஜமீலுன்னிசா மேடம் பஸ் ஏறுறதுக்கு முன்னாடியே வெச்ச கை. எடுத்தது நீங்கதான், மாமி."

"திருட்டாம் திருட்டு!" என்றார் பங்கஜம். "ஏன்னா, போர்டை வெக்காதேன்னேள். தினம் மந்திரம் மாதிரி ஒப்பிக்கறேளே, அந்த எழுத்தாவது பெருமாள்கிட்ட இருக்கட்டும்னு வெச்சேன்."

விஜயராகவன் கை நீட்டினார்.

"தொடாதேள்! நாளைக்குப் புனர்பூஜை ஆகட்டும்."

நீட்டிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் அவர் ஜமீலுன்னிசா பக்கம் திரும்பினார். "மன்னிச்சுடுங்கோ."

"கீழ எல்லார் முன்னாடியும்தான் பையைக் கவுத்தேன், சார்" என்றார் அவர். "மன்னிப்பையும் அங்கயே வந்து கேளுங்க."

கேட்டார். ஆடிட்டில்கூடத் தலை குனியாதவர், எட்டுப் பேர் முன்னால் கை கூப்பிக் கேட்டார். ஜமீலுன்னிசா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நாளைக்கு ஆடலாம்" என்றார்.

மறுநாள் விஜயதசமி. புனர்பூஜை முடிந்து வந்த க்யூவைத் தீபிகா நன்றாகக் கழுவித் துடைத்துப் பையில் போட்டாள். கடைசிவரை இழுபறியாகவே போன ஆட்டத்தில், பையிலிருந்து வந்த கடைசி டைலாக விஜயராகவனுக்கு அது கிடைத்தது. அவர் முகம் மலர்ந்தது. கையில் இருந்த மற்றவற்றை ஒவ்வொன்றாக வைத்துத் தீர்த்தார். மனப்பாடம் செய்த அத்தனை வார்த்தையையும் முணுமுணுத்துப் பார்த்தார். போர்டில் ஒன்றுக்கும் இடமில்லை. ஜமீலுன்னிசா தன் கடைசி டைலை வைத்து ஆட்டத்தை முடித்தார்.

விஜயராகவன் ஐந்து புள்ளி முன்னால் இருந்தார். ஆனால் கையில் மிஞ்சும் டைலின் மதிப்பு எதிராளிக்குச் சேரும். க்யூவுக்குப் பத்து. பெங்களூர் ஜமீலுன்னிசாவுக்கு.

சுண்டல் கொண்டு வந்த பங்கஜம், கணவர் விரலிடுக்கில் இருந்த க்யூவைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"பெருமாள் பாதத்துல வெச்சதாச்சே! அவ்வளவு லேசுல உங்க கையை விட்டுப் போயிடுமா?"