இருநூறு கிலோவுக்குக் கீழே

எடைமேடையில் ஈ காக்கா இல்லை. ஆனாலும் திரையில் அறுபத்திரண்டு கிலோ என்று வந்தது.

முருகேஸ்வரி கண்ணைக் கசக்கிவிட்டுப் பார்த்தாள். கேபின் ஜன்னலுக்கு வெளியே, லாரிகள் ஏறி நிற்கும் இரும்புப் பிளேட்டு ஞாயிற்றுக்கிழமை உச்சி வெயிலில் தகதகத்துக் கிடந்தது. துறைமுகத்துப் பக்கமிருந்து நிலக்கரித் தூசியும் உப்பும் கலந்த காற்று வந்து, பூட்டிக்கிடந்த கன்டெய்னர் யார்டு முழுக்கச் சுற்றிவிட்டுப் போனது. வெளியே சிவப்பு எழுத்துப் போர்டு ஒழுங்காகப் பூஜ்யம் காட்டியது. லேப்டாப்பின் கருப்புத் திரையில் மட்டும்தான் அந்த எடை.

போர்டு பொய் சொல்லும் என்று அவளுக்குத் தெரியும். எடைமேடைகளைப் பழுதுபார்ப்பதுதானே அவள் பிழைப்பு. மேடையின் பேச்சைக் கம்ப்யூட்டருக்கு எடுத்துச் சொல்லும் புரோகிராமுக்கு டிரைவர் என்று பேர். நாய் ஏறினாலும் காற்றடித்தாலும் கணக்கு கெடக்கூடாதென்று, இருநூறு கிலோவுக்குக் கீழே எது வந்தாலும் அது விழுங்கிவிடும். விழுங்கியதைத் தனக்குள் முணுமுணுத்துக்கொள்ளும். ஒரு கட்டளையைத் தட்டினால் அந்த முணுமுணுப்பெல்லாம் வரிவரியாகத் திரையில் ஓடும், அதற்கு ட்ரேஸ் என்று பெயர்.

தம்பி இசக்கிராஜா லாரி கிளீனர். போன மாசம் இதே பிளேட்டில், பின்னால் எடுத்த லாரி அவனை நசுக்கிப்போட்டது. அன்றைக்கு நடந்ததை அழுதுகொண்டே சொன்ன லாரிக்காரன் மறுநாள் மாற்றிச் சொன்னான். பையன் யார்டுக்குள் வரவே இல்லை, வெளியே ரோட்டில் எவனோ அடித்துப்போட்டான் என்று மேனேஜர் ஜோன்ஸ் சாதித்தார். அவன் இங்கே கால் வைத்ததற்கு ஒரு வரியாவது மிஞ்சியிருக்காதா என்றுதான் வந்தாள். பழசையெல்லாம் துடைத்துவிட்டிருந்தார்கள். இப்போது ஓடுவது, இப்போது நடப்பது.

எவ்வளவு தின்னாலும் ஒடம்பு ஏறமாட்டேங்கே என்று தம்பியைப் பார்த்து அம்மா புலம்புவாளே, அந்த அறுபத்திரண்டு.

எடை நகர்ந்தது. பிளேட்டின் நாலு மூலைக்கும் தனித்தனி வரி. தூரத்து மூலையில் குறைந்தது, பக்கத்து மூலையில் கூடியது. டக் என்று இரும்பு சத்தம். மறுபடி டக். கேபின் பக்கமாக. டீசலும் வியர்வையும் நாறியது. ஜன்னல் கண்ணாடியில், வெளிப்பக்கம், மூச்சு படிந்தது.

போன் அடித்தது. ஜோன்ஸ். வாட்ச்மேன் சொல்லிவிட்டான்போல. உடனே வெளியே போகணும், இந்தா வண்டியில வந்துகிட்டே இருக்கேன் என்று கத்தினார்.

"வாங்க சார்," என்றாள். "நான் எங்கனயும் போகல."

லேப்டாப்பை ஜன்னல் பக்கம் திருப்பி வைத்துவிட்டு வெளியே வந்தாள். பிளேட்டில் ஏறினாள். செருப்பையும் மீறிச் சுட்டது. கண்ணாடி வழியே திரையைப் படித்தாள். நூற்றுப் பதினேழு. அவளும் அவனும்.

"ஏலே ராஜா. அக்கா வந்திருக்கேம்லே."

இடது தோளில் ஈரமாய் ஒரு கனம் சாய்ந்தது. அழுகை முட்டியது. ஓடு ஓடு என்று உடம்பு பதறியது. திரை மாறியது. நூற்றெண்பத்தைந்து.

புதிதாய் ஏறியது தம்பி இல்லை.

வலது பக்கம் வந்து நிற்கிறது. மூச்சு விடுகிறது. கடல்தண்ணி வாடை. பின்னால் டக். இன்னொன்று. குதித்துவிடலாம், இரண்டே எட்டு. குதித்தால் போர்டு பூஜ்யத்திலேயே நின்றுவிடும். பூஜ்யமென்றால் அவன் வரவே இல்லை. அவனைப்போல இங்கே செத்த எவனும் வரவே இல்லை. அதை நினைத்ததும் பயத்தை மீறிக்கொண்டு ஆங்காரம் வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு காலை அகற்றி ஊன்றினாள்.

"ஏறுங்க," என்றாள். "எத்தன பேரு இங்கன கிடக்கியளோ, எல்லாரும் ஏறுங்க."

கேட்டில் கார் வந்து நின்றது. ஜோன்ஸ் இறங்கினார். அதே நேரம் போர்டு, பூஜ்யத்திலிருந்து இருநூற்று ஐம்பதுக்குத் தாவியது. முந்நூற்றுப் பத்து. நானூறு.

ஜோன்ஸ் கேட்டிலேயே நின்றுவிட்டார்.

"சார், யாரும் உள்ள வரலன்னியளே. வந்து பாருங்க."

அவர் வரவில்லை. எண்கள் நிற்கவில்லை. எழுநூறு. ஆயிரம். ஆயிரத்து எண்ணூறு. பிளேட்டு முனகிக்கொண்டே கீழே இறங்கியது. அவள் நிழல் மட்டும் தனியாக விழுந்திருந்த அந்த இரும்பின்மேல், நிற்க இடமில்லாமல், நாலு பக்கமும் அவளை நெருக்கிக்கொண்டு இன்னும் ஏறிக்கொண்டிருந்தார்கள்.