எதிர்த்திசையில் ஒரு பொய்

"ஐயோ... அண்ணா...!"

மாஸ்டரின் தங்கை போட்ட அலறலில் டிரைவிங் ஸ்கூல் ஷெட்டே அதிர்ந்தது.

பயிற்சிக் காரின் முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் அவள் கணவன் கிடந்தான். பின்மண்டை பிளந்திருந்தது. ஸ்டியரிங்கைப் பூட்டுகிற இரும்புக் கம்பி, ரத்தத்தோடு அருகில்!

மாஸ்டர் தலையில் அடித்துக்கொண்டார். கண்ணீர்தான் வரவில்லை.

எப்படி வரும்? அடித்ததே அவர்தானே!

முப்பது வருடமாக ஊருக்கே கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர். இந்த மாப்பிள்ளை நேற்று முளைத்தவன். இண்டிகேட்டர் போடாமல் திரும்புகிற ஜென்மம். காலையில் என்ன சொன்னான்?

"நீங்க திட்டுற திட்டுல ஒருத்தனும் கிளாசுக்கு வர மாட்டேங்கிறான், மச்சான். திங்கக்கிழமைலேருந்து வீட்ல ரெஸ்ட் எடுங்க. ஸ்கூலை நான் பாத்துக்கிறேன்."

ரெஸ்ட்! அதுவும் மாஸ்டருக்கு!

போய்ச் சேர்ந்தான்.

மதியம். போலீஸ் ஸ்டேஷன்.

எதிரே ஒரு பெண் இன்ஸ்பெக்டர். கிளட்சுக்கும் பிரேக்குக்கும் வித்தியாசம் தெரியுமோ என்னவோ! பக்கத்தில் தொப்பையோடு ஒரு ஏட்டு. இந்த இரண்டு பேரையும் ஏமாற்ற ஒரு பொய் போதும் என்று நினைத்தார் மாஸ்டர்.

"பத்து மணிக்கு எங்க இருந்தீங்க?"

"கடைத்தெருவுல, மேடம். என் சொந்த வண்டி ஸ்டெப்னிக்குப் பஞ்சர் போடப் போனேன். கடை பூட்டியிருந்துச்சு."

"எந்தப் பக்கமாப் போனீங்க?"

"பேங்க் முனையில நுழைஞ்சு ஆஸ்பத்திரி முனையில வெளிய வந்தேன். அது ஒன்வே. இடது ஓரமா, முப்பது ஸ்பீடு. சட்டப்படி!"

அந்தத் தெருவில் கேமரா செத்து இரண்டு மாதம். அதுவும் அவருக்குத் தெரியும்.

இன்ஸ்பெக்டர் பேனாவைக் கீழே வைத்தாள்.

"அடடா... குழாய் உடைஞ்சு, காலைல ஒன்பது மணிலேருந்து அந்த ஒன்வேயைத் திருப்பி விட்டிருக்கோமே! பேங்க் முனையில 'நுழையாதே' போர்டு வேற வச்சிருக்கோம். நீங்க எதிர்ல ஓட்டியிருக்கீங்க, மாஸ்டர்!"

மாஸ்டர் வாயைத் திறப்பதற்குள் அவளே தொடர்ந்தாள்.

"பரவால்ல. வயசாச்சு, கண்ணு தெரிஞ்சிருக்காது. அபராதம் கட்டிட்டுக் கிளம்புங்க."

தப்பிக்கக் கதவு திறந்திருந்தது! தலையாட்டியிருந்தால் போதும்...

ஏட்டு களுக்கென்று சிரித்தார்.

"ஒன்வேல மாஸ்டரே எதிர்ல வந்தாராமா! ஊரே சிரிக்கும் மேடம்!"

அவ்வளவுதான். மாஸ்டருக்கு உச்சந்தலை கொதித்தது.

"வாயை மூடுய்யா! போர்டைப் பாக்காம ஓட்ட நான் என்ன உன்னை மாதிரி ஆளா? சிவப்பு வட்டம், நடுவுல வெள்ளைப் பட்டை... தூரத்துலயே பாத்துட்டேன்! நுழையாம நேராப் போய், பார்க்கைச் சுத்திக்கிட்டு ஆஸ்பத்திரி முனையில நுழைஞ்சேன். பழக்கதோஷத்துல பேங்க் முனைன்னு வாய்ல வந்துருச்சு!"

"போர்டை நல்லாப் பாத்தீங்க?"

"இந்த ரெண்டு கண்ணால!"

"எழுதிக்கோங்க, ஏட்டு."

எழுதியதில் மாஸ்டர் கையெழுத்துப் போட்டார். எழுத்துப்பிழை இருக்கிறதா என்றும் பார்த்தார்.

"ஏட்டு, காலைல உங்களுக்கு எங்க டியூட்டி?"

"பேங்க் முனையில, மேடம்."

"போர்டை எப்ப வச்சாங்க?"

"எந்த போர்டு மேடம்? குழாயும் உடையல, ஒன்வேயும் மாறல. வண்டியெல்லாம் எப்பவும் போலத்தான் போச்சு."

இன்ஸ்பெக்டர் மாஸ்டர் பக்கம் திரும்பினாள்.

"நிஜமாவே அங்க போயிருந்தா 'என்னம்மா உளர்றே'ன்னு என்னைத் திட்டியிருப்பீங்க, மாஸ்டர். ஊரையே திட்டுற மனுஷன்... திட்ட வேண்டிய ஒரே இடத்துல கோட்டை விட்டுட்டீங்களே!"

பத்தே நிமிடத்தில் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார்.

சாயங்காலம், விலங்கு மாட்டிய மாஸ்டரோடு ஜீப் கோர்ட்டுக்குக் கிளம்பியது. ஸ்டியரிங்கில் ஏட்டு. முதல் திருப்பத்திலேயே பின்சீட்டிலிருந்து அதட்டல் வந்தது.

"யோவ்! இண்டிகேட்டர் போடுய்யா!"

ஏட்டு கண்ணாடியில் அவரைப் பார்த்தார்.

"எதுக்கு மாஸ்டர்? நாம எங்க போறோம்னுதான் ஊருக்கே தெரியுமே!"