ஜோனுக்கு நடுவே ஓர் இடம்

அவனிடம் அவள் முதலில் பார்த்தது கண்களை அல்ல... ஷூக்களை.

பல் மருத்துவமனை இருந்த கட்டடத்தின் லிஃப்ட் இரண்டு மாடிகளுக்கு நடுவே நின்றுவிட்டது. உள்ளே அவள், தோளில் ஒரு வலைப்பை நிறையக் கூடைப்பந்துகள். மேலே கதவு ஒரு சாண் திறந்தது. சரியாக அவள் கண்மட்டத்தில் ஒரு ஜோடி ஷூ. மழையில் ஊறியவை. கூடைப்பந்து ஆடுகிறவர்கள் போடுகிற, கணுக்காலை மூடுகிற ஷூ.

"பயப்படாதீங்க... இப்ப இறக்கிடுறேன்," என்றது ஷூ.

"பயமெல்லாம் இல்ல. எனக்கு மேட்ச் இருக்கு."

அவன் குனிந்தான். அப்போதுதான் கண்கள்... இமையில் ஒரு மழைத்துளி, சிரிக்கலாமா வேண்டாமா என்று யோசிக்கிற பார்வை.

"எனக்கும்தான் மேட்ச் இருக்கு. இது ஓடினாத்தான் ரெண்டு பேருமே போக முடியும்."

"ஒழுங்கா சர்வீஸ் பண்ணியிருந்தா நான் எப்பவோ போயிருப்பேன்."

அவன் மேலே எதையோ திருகினான். லிஃப்ட் இறங்கியது. அவள் நன்றி சொல்லாமல் மழைக்குள் ஓடினாள்.

பகலில் அவள் அந்த மருத்துவமனையின் வரவேற்பில் உட்காருகிறவள். மாலையில் சிறுமிகள் அணிக்குப் பயிற்சியாளர். விசில் இல்லாமல் அவளைப் பார்த்ததில்லை என்பதால் பிள்ளைகளுக்கு அவள் விசிலக்கா.

அன்று சங்கத்துக் கூடைப்பந்து ஹாலில் எதிரணிப் பயிற்சியாளரின் நாற்காலி காலியாக இருந்தது. ஆட்டம் தொடங்கப் போகும் நேரத்தில் கதவு திறந்தது. அதே ஷூ.

"விசிலக்கா, அவரு உங்களையே பாக்குறாரு," என்றாள் பொடிசு. அணியிலேயே குள்ளமானவள்.

"நீ பந்தைப் பாருடி."

பந்தைப் பார்த்தும் பயனில்லை. லிஃப்ட்காரனின் பிள்ளைகள் ஜோன் ஆடினார்கள். ஆளுக்கு ஆள் என்று துரத்தாமல், முன்னால் இரண்டு பேர், பின்னால் மூன்று பேர், அவரவர் இடத்தை அவரவர் காத்தார்கள். யார் உள்ளே வந்தாலும் அந்த இடத்துக்காரி "என்னோடது" என்று குரல் கொடுத்துக் கையை விரித்தாள். விசிலக்காவின் பிள்ளைகள் பந்தை வெளியிலேயே செக்குமாடு மாதிரி சுற்றவிட்டார்கள். ஒருமுறை பொடிசு நட்டநடுவில் உட்கார்ந்து ஷூ லேஸ் கட்டினாள்.

"அங்கே உட்கார்ந்து என்னடி பண்ற? வெளிய வா."

படுதோல்வி.

அவள் அண்ணன்தான் சங்கத்துச் செயலாளர். அன்று இரவு சாப்பாட்டுத் தட்டிலிருந்து தலை நிமிராமல் சொன்னான்: "மறுபடியும் இவங்ககிட்டத் தோத்தா, சாயங்கால ஹாலைப் பையன்களுக்குக் குடுத்துடலாம்னு கமிட்டியில பேசறாங்க. தங்கச்சின்னு நான் பாக்க முடியாது."

ஹால் போனால் அணியும் போகும். அது அவளுக்குத் தெரியும்.

மறுவாரம், லிஃப்ட் சத்தம் போடுகிறது என்று புகார் போய், அவன் கருவிப்பெட்டியோடு வந்தான். அவள் மேஜையில் ஐந்து பிளாஸ்டர் பல் அச்சுகளை அடுக்கி வைத்து முறைத்துக்கொண்டிருந்தாள். முன்னால் இரண்டு, பின்னால் மூன்று.

"இது என் டீமாச்சே..."

"பேஷன்ட்டோட பல்லு."

"முன்னாடி நிக்கிறதுக்கு ஒரு கடைவாய்ப் பல்லு கம்மி. என் டீம் பொண்ணு ஒருத்தி மாதிரியே."

சிரிப்பை அவள் உதட்டுக்குள்ளேயே மடித்துக்கொண்டாள். அவன் கை அச்சுகளின் பக்கம் நீண்டது.

"வேணாம். சொல்லிக் குடுக்காதீங்க. நீங்க சொல்லி நான் ஜெயிச்சா அது உங்க வெற்றி."

"பேனா எடுக்க வந்தேங்க... கையெழுத்துப் போடணும்."

அவள் காது சூடானது. பேனாவைத் தள்ளிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். அப்படிக் குனிந்தபோதுதான் கண்ணில் பட்டது... அச்சுகளின் நடுவே ஒரு வெற்றிடம்.

பொடிசு லேஸ் கட்டிய இடம். அவள் அங்கே இருந்த நேரம் முழுக்க எவளும் "என்னோடது" என்று கத்தவில்லையே... முன்னால் நின்றவர்கள் பின்னால் இருப்பவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்றும், பின்னால் நின்றவர்கள் அது முன்னால் இருப்பவர்கள் பாடு என்றும் விட்டுவிட்டார்கள். அதைத் தப்பு என்று திட்டியவள் இவள்தான்.

அதன் பிறகு தினமும் ஒரே பாடம். "பொடிசு, நீ நடுவுல போய் நில்லு. பந்து வந்ததும் திரும்பு. யாரும் வரலைன்னா கூடைக்குப் போடு. யாராவது வந்தா, அவ எந்த இடத்தை விட்டுட்டு வந்தாளோ அங்க நம்ம ஆளு சும்மா நிப்பா, அவளுக்குக் குடு."

"ரெண்டு பேர் வந்தா?"

"அப்ப நம்ம ஆளு ரெண்டு பேர் சும்மா நிப்பாங்க."

"ஐயோ, நல்லா இருக்கேக்கா."

லிஃப்ட்டுக்கும் அந்த நாட்களில் என்னவோ நேரம் சரியில்லை. ஒரு வாரம் கதவு. மறுவாரம் விளக்கு. அவன் வருவான். பேனா வாங்குவான்... பேனா திரும்பி வரக் கொஞ்சம் நேரமாகும். ஆட்டத்தைப் பற்றி இருவரும் பேசவே மாட்டார்கள்.

இரண்டாம் ஆட்டத்தில் பொடிசு நடுவில் நின்றாள். பந்து அவளிடம் போனது.

"உன்னோடதுடி..."

"இல்ல, உன்னோடது..."

அதற்குள் பந்து கூடைக்குள் விழுந்திருந்தது. பின்வரிசையில் நின்ற ஒருத்தியை அவன் நடுவுக்கு அனுப்பினான். காலியான மூலைக்குப் பந்து போனது. மூலையை அடைத்தான். நடு திறந்தது. கடைசி வரை அவன் பாச்சா பலிக்கவில்லை.

ஹால் தப்பியது. பேச்சு தப்பவில்லை.

"அவன் உன் கவுன்டர்லயே நிக்கிறானாமே," என்றான் அண்ணன். "அவன்தான் சொல்லிக் குடுத்தான்னு கமிட்டியே பேசுது. உண்மையா?"

கேட்டது வேறு யாராவது என்றால் சண்டை போட்டிருப்பாள். அண்ணன்... அவள் எழுந்து கை கழுவப் போய்விட்டாள்.

அவனோடு இனி பேசினால் ஊர் சொன்னது உண்மையாகிவிடும். பேசாவிட்டால்... அதை அவள் யோசித்து முடிக்கவில்லை. படியேறி வேலைக்குப் போனாள். அவன் குரல் கேட்டால் உள்ளறைக்குப் போனாள். லிஃப்ட்டைப் பற்றிய புகார்களும் நின்றன.

ஒரு மழை மாலை, பயிற்சி முடிகிற நேரத்தில் அவன் ஹாலுக்கு வந்தான். கமிட்டிக்காரர்கள் இரண்டு பேர் இருந்தார்கள். அண்ணனும்.

"நான் எதுவும் சொல்லிக் குடுக்கலீங்க," என்றான், உட்காராமலே. "ஜோன் போடத்தான் எனக்குத் தெரியும். அதை உடைக்கத் தெரியாது. தெரிஞ்சிருந்தா முதல்ல நடுவுலதானே ஆளைப் போட்டிருப்பேன்? கண்டுபிடிச்சது இவங்க. தோத்தது நான். அதை வேற யாரும் மாத்திச் சொல்ல வேணாம்."

கமிட்டிக்காரர்கள் குடைகளைத் தேடத் தொடங்கினார்கள். அண்ணன் மட்டும் நகரவில்லை.

"அப்ப வாராவாரம் கவுன்டர்ல என்ன வேலை?"

அவன் நனைந்த ஷூவைப் பார்த்தான். பிறகு நிமிர்ந்தான்.

"அன்னிக்கு நின்னதோட சரி, அப்புறம் லிஃப்ட்டுல ஒரு கோளாறும் இல்லீங்க. புகார்னு சொல்லி அனுப்புவாங்க, போய்ப் பார்த்தா நல்லாத்தான் ஓடும். ஆனா நான் அதைச் சொல்லலை... சொன்னா, மறுபடி வர முடியாதே. இவங்களைப் பாக்கத்தான் வந்தேன்."

பொடிசு பந்தை மார்போடு அணைத்துக்கொண்டு வாயைத் திறந்தபடி நின்றாள்.

"கோளாறே இல்லாம எவன் புகார் குடுத்தான்?" என்றான் அண்ணன்.

அவள் கழுத்திலிருந்த விசிலைக் கழற்றிப் பொடிசின் கையில் கொடுத்தாள்.

"நான்தாண்ணா."

அண்ணன் திரும்பினான். அவள் அண்ணனைப் பார்க்கவில்லை... அந்தக் கண்களைப் பார்த்தாள்.

"எல்லாத் தடவையும் நான்தான்."