பின் இடது கதவு: மூடியுள்ளது

கதவு மூடித்தான் இருந்தது. வண்டியில் செருகியிருந்த ஸ்கேனர் மட்டும் திறந்திருக்கிறது என்றது.

மெக்கானிக் ஜாசிப் திரையைத் தொடையில் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தான். முன்கதவு இரண்டும் மூடியுள்ளது. பின் வலது மூடியுள்ளது. பின் இடது திறந்துள்ளது. எட்டிப் போய் அந்தக் கதவை உள்ளங்கையால் அழுத்தினான். தகடு தந்தூர் அடுப்பின் சுவர் போலச் சுட்டது. கதவு அசையவில்லை, இடுக்கில் ஒரு தாள்கூட நுழையாது. திரும்பி வந்தபோது வரி மாறியிருந்தது. மூடியுள்ளது. பிறகு, அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, திறந்துள்ளது.

"இதத்தான் போன்ல சொன்னேன் உஸ்தா," என்றார் வண்டிக்காரர். "சாவியோட இறங்கி நடந்தா வண்டி தானா பூட்டிக்கும். இப்ப பூட்ட மாட்டேங்குது. கதவு தொறந்திருக்குன்னு ஹாரன் அடிக்குது. காலையில ஒண்ணுமில்ல, ராத்திரி ஒண்ணுமில்ல. மத்தியானம் ஆனா தொடங்கிடும்."

"வெயில்ல கம்பி இளகும் கண்ணு. ஆகஸ்ட் மாசம் பஸ்ராவுல மனுசனே இளகுறான்." ஜாசிப் சிரித்தான். "அமெரிக்காவுல மோதி விழுந்து கெடந்த வண்டி, இங்க வந்து எந்திரிச்சிருக்கு. கொஞ்சம் நொண்டத்தான் செய்யும்."

அவர் சிரிக்கவில்லை. ஷெட்டின் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, ஜபமணியை ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டிருந்தார். கறுப்புச் சட்டை. பஸ்ராவில் கறுப்புச் சட்டைக்கு யாரும் காரணம் கேட்பதில்லை. வெள்ளிக்கிழமை நண்பகல் என்பதால் பட்டறைத் தெருவின் ஷட்டர்கள் எல்லாம் இறங்கியிருந்தன. மின்சாரம் போய் ஒரு மணி நேரமாகியிருந்தது. முதலாளிகளும் வேலைக்காரர்களும் தொழுகைக்கும் சோற்றுக்கும் போய்விட்ட அந்தத் தெருவில் காய்ந்த எண்ணெயும் ரப்பரும் தூசியும் வெந்து எழும் வாடையைத் தவிர நடமாட்டம் என்று எதுவும் இல்லை.

காரிலிருந்து மட்டும் ஒரு சத்தம் வந்துகொண்டிருந்தது. டக். கொஞ்ச நேரம் கழித்து, டக். சூட்டில் தகடு விரியும் சத்தம். அப்படித்தான் இருக்க வேண்டும்.

"உங்க பேரு என்ன சொன்னீங்க?"

"அபூ துகா."

துகாவின் அப்பா. சரி.

"நீ?"

"ஜாசிப். பிள்ளை இல்ல. அதனால எல்லாரும் அபூ காயிப்னு கூப்பிடுறாங்க."

"வராத பிள்ளைக்கு அப்பா." ஜபமணி நின்றது. "நல்ல பேரு. மாத்திக்கலாமா?"

விளையாட்டாகத்தான் சொல்கிறார் என்று நினைத்து ஜாசிப் பல்லைக் காட்டினான். முகத்தைப் பார்த்ததும் மூடிக்கொண்டான்.

பின் இருக்கையில் ஏறி, கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உள்பலகையைக் கழற்ற ஆரம்பித்தான். உள்ளே புழுக்கம் மூக்கை அடைத்தது. சூடான பிளாஸ்டிக், அடியில் எங்கோ சிந்திக் காய்ந்த மாம்பழச் சாறு, அதற்கும் அடியில் புளித்த துணி போல ஒரு வாடை. கதவின் ஓரத்தில் சைல்டு லாக் போட்டிருந்தது. உள்ளேயிருந்து எவ்வளவு இழுத்தாலும் இந்தக் கதவு திறக்காது. உள் கைப்பிடியைச் சுற்றி பிளாஸ்டிக்கில் கீறல்கள். சன்னமாக, பிறை பிறையாக. சாவிக் கொத்து உரசியிருக்கும் என்று நினைத்துக்கொண்டான். சாவிக் கொத்து அப்படி உரசாது என்பதும் தெரிந்தது. திருகாணியைக் கழற்றினான்.

பலகை பிரிந்து வந்தது. உள்ளே பூட்டுக்குப் போகும் கம்பிகளில் இரண்டை வெட்டி ஒன்றாக முறுக்கி, மேலே மஞ்சள் டேப் சுற்றியிருந்தது.

இந்தத் தெருவில் மஞ்சள் டேப் சுற்றுகிறவன் ஒருவன்தான். மூன்று சுற்று, நுனியை மடித்து. ஜாசிப்பின் கை.

ஞாபகம் வந்தது. வசந்த காலத்தில் ஷோரூம்காரன் கொண்டுவந்து நிறுத்திய சாம்பல் நிற வண்டி; இந்த ஒரு கதவு மட்டும் வேறு வண்டியிலிருந்து பிடுங்கி மாட்டியது. கதவு திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்று வண்டிக்குச் சொல்லும் சென்சார் செத்துப்போயிருந்தது. புதுசு துபாயிலிருந்து வரப் பத்து நாள். சாயங்காலம் ஆள் பார்க்க வருகிறான் என்று ஷோரூம்காரன் குதித்தான். ஜாசிப் இரண்டு கம்பியைச் சேர்த்துவிட்டான். அதற்குப் பிறகு அந்தக் கதவு விரியத் திறந்து கிடந்தாலும் வண்டிக்கு அது மூடியதுதான். நூறு வண்டிக்குச் செய்திருப்பான். தெருவில் எல்லோரும் செய்வது. யாரும் வாங்குகிறவனிடம் சொல்வதில்லை.

முதுகு வேர்வை குளிர்ந்தது. அகப்பட்டுக்கொண்டோம் என்பதற்காக இல்லை. இரண்டு கம்பியும் முறுக்கேறி ஒட்டியிருந்தன. மல்டிமீட்டரை வைத்தான், விடாமல் பீப் அடித்தது. இந்த முடிச்சு இருக்கும்வரை ஸ்கேனர் 'திறந்துள்ளது' என்று சொல்லவே முடியாது.

திரை சொல்லிக்கொண்டிருந்தது. திறந்துள்ளது. மூடியுள்ளது. திறந்துள்ளது.

டக். டக்.

கம்பிகளின் மறுமுனை டிக்கியின் பக்கவாட்டில் இருக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டிக்குப் போகிறது. அங்கே ஏதாவது கோளாறு இருக்கலாம். இறங்கிப் போய் டிக்கியைத் திறந்தான். சுருட்டிய கறுப்புத் துணி ஒன்று பெட்டியை மறைத்துக்கொண்டு கிடந்தது. ஒதுக்கியபோது பாதி பிரிந்தது. மஞ்சள் எழுத்து. எல்லா மரண அறிவிப்புத் துணியிலும் மேலே இருக்கும் வசனம். கீழே: ஹைதரின் மகள், குழந்தை துகா. ஆறு வயது. ஜூன் மாதத் தேதி. நாற்பது நாள் தெருமுனைச் சுவரில் தொங்கி, நிறம் வெளுத்து, ஆணித் துளைகள் கிழிந்து, இறக்கிச் சுருட்டிய துணி.

"அத மடிச்சு வச்சிடு உஸ்தா."

அபூ துகா அவன் தோளுக்குப் பின்னால் நின்றார். நாற்காலி நகர்ந்த சத்தம் கேட்கவில்லை.

"ரெண்டு கையிலயும் காய்கறிப் பை," என்றார். குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. "அவ என் பின்னாலயே வர்றாள்னு நினைச்சேன். பொம்மைய எடுக்கத் திரும்பிப் போய் இந்தக் கதவத் தொறந்து ஏறியிருக்கா. கதவு தொறந்திருந்தா வண்டி பூட்டாதுன்னு ஷோரூம்ல சத்தியம் பண்ணாங்க. பூட்டிக்கிச்சு. ஒரு ஹாரன் இல்ல. அவளும் கதவச் சாத்திக்கிட்டா. ரெண்டு மணி நேரம். நாங்க மொட்டை மாடியில தேடிக்கிட்டிருந்தோம்."

ஜாசிப் துணியை மடித்தான். 

"கம்பெனித் தப்பா, யாராவது கை வச்சதா, எனக்கு அது ஒண்ணு தெரிஞ்சா போதும். அவ அம்மாகிட்ட ஏதாவது சொல்லணும். பிள்ளைய மறந்தவன்னுதான் என்னைப் பாக்குறா. உள்ள என்ன இருந்துச்சு?"

சொல்லிவிடலாம். ஒரு வாக்கியம்தான். சொன்னால் மாலைக்குள் இவருடைய குலத்தார் அவன் வாசலில் நிற்பார்கள்; வீடு போகும், பட்டறை போகும், ஒருவேளை கழுத்தும். சொல்லாவிட்டால் இந்த மனுசன் காய்கறிப் பையோடு நடந்த அந்தப் பத்து அடியைச் சாகும்வரை நடந்துகொண்டிருப்பான். ஜாசிப்புக்கு இரண்டும் தெளிவாகத் தெரிந்தது. யோசிக்க அதிக நேரம் எடுக்கவில்லை. அதுதான் பிறகு அவனுக்கே கசந்தது.

"எலி," என்றான். "கம்பிய எலி கடிச்சிருக்கு."

"எலி," என்றார் அவர், புதிதாக ஒருவரின் பெயரைக் கேட்டதுபோல். போய் நாற்காலியில் உட்கார்ந்தார்.

பின் இருக்கையில் ஏறினான். மஞ்சள் டேப்பைப் பிய்த்துச் சட்டைப்பைக்குள் திணித்தான். மாற்றுச் சென்சார் இல்லை. இவர் கிளம்பினால் போதும். அதே இரண்டு கம்பியை மறுபடி சேர்த்து, காஸ் டார்ச்சால் ஈயம் உருக்கி ஒட்டி, கறுப்பு டேப் சுற்றினான். பலகையை மாட்டினான். திரையைப் பார்த்தான்.

மூடியுள்ளது.

நூறுவரை எண்ணினான். மாறவில்லை. டக் சத்தமும் நின்றிருந்தது.

"சரியாயிடுச்சு அபூ துகா! சாவிய எடுத்துக்கிட்டுப் பத்தடி நடங்க. பூட்டுதான்னு நான் உள்ள இருந்து பாக்குறேன்." எந்த வண்டிக்கும் இப்படித்தான் சோதிப்பது. வழக்கம் போலக் கதவை இழுத்துச் சாத்தினான்.

கறுப்புச் சட்டை எழுந்தது. கண்ணாடி வழியாகக் காரின் உள்ளே பார்த்தார். அவனைப் பார்க்கவில்லை. அவனுக்குப் பக்கத்தில் இருந்த இடத்தைப் பார்த்தார். பிறகு திரும்பி நடந்தார்.

ஐந்து அடி. பத்து அடி.

டக். நான்கு கதவும் ஒன்றாக.

"பூட்டிக்கிச்சு! போதும், வாங்க!"

அவர் நிற்கவில்லை. வெயிலுக்குள் போனார். தெருமுனை திரும்பினார். ஜபமணிச் சத்தமும் போனது.

"அபூ துகா!"

மூடிய வண்டிக்குள் அந்தப் பெயர் அவனிடமே திரும்பி வந்தது. துகா.

ஹாரன் இல்லை. காற்று இல்லை. மூச்சு இழுத்தால் நாக்கு சுட்டது. மாம்பழச் சாற்றின் வாடை இப்போது ஈரமாக இருந்தது, இப்போதுதான் சிந்தியது போல.

கைப்பிடியை இழுத்தான். திறக்காது. சைல்டு லாக். தெரியும். இருந்தும் இழுத்தான்.

டக்.

அந்தச் சத்தம். நண்பகலிலிருந்து கேட்டுக்கொண்டிருந்த அதே சத்தம்; உள்ளேயிருந்து கைப்பிடியை இழுக்கும் சத்தம்.

முன்கதவு உள்ளிருந்து திறக்கும். இருக்கைக்கு மேல் தாவ வேண்டும். அவ்வளவுதான். கையை எடுக்க வேண்டும்.

கை வரவில்லை.

குனிந்து பார்த்தான். கைப்பிடியின் மேல் அவன் கை. அவன் கையின் மேல், தந்தூர்ச் சூட்டில், நகம் உடைந்த சின்னக் கை ஒன்று.

அது அவனைப் பிடித்து வைக்கவில்லை. அவனோடு சேர்ந்து இழுத்துக்கொண்டிருந்தது.