கல்லுக்கு ஊற்றிய முதல் பால்

வியாழன், காலை பதினொரு மணி.

தேவாரம் ஊருக்கு மேற்கே, மலையடிவாரத்துப் புளியமரத்தின் கீழ் ஒரு குழி மட்டுமே இருந்தது. இத்தனை காலமும் அதில் ஒரு நடுகல் நின்றது. எல்லை மலையைத் தாண்டி வந்து மாடு ஓட்டிப் போனவர்களை மறித்துச் செத்த ஒருவனுக்கு, ஆயிரம் வருடத்துக்கு முன்பு எழுப்பிய கல். சின்னக் கல்தான்; பலமான ஒரு ஆள் புரட்டித் தூக்கிவிடலாம்.

சப்-இன்ஸ்பெக்டர் வியாகுலமேரி குழியிலிருந்து நிமிர்ந்தாள். ஏட்டு முத்துப்பாண்டி, ஆடு மேய்க்கும் ஒச்சாண்டியைச் சட்டையைப் பிடித்து இழுத்து வந்தார். ஒச்சாண்டியின் கன்னம் வீங்கியிருந்தது.

"யார் அடிச்சது?"

"விசாரணைதான் மேடம். வாயைத் தெறக்க மாட்டேங்கிறான்."

"தெறந்துதான் சொன்னேன், தாயீ. விடியக்காலம் ஆட்டைப் பத்திக்கிட்டு வர்றப்பவே இங்கன கல்லு இல்ல."

"பச்சைப் பொய்" என்றார் முத்துராஜா. மூன்று வருடமாக இந்த எல்லை மலையெல்லாம் அலைந்து பழங்கற்களைத் தேடுகிற ஆய்வாளர். இந்தக் கல்லைப் பற்றிப் பத்திரிகையில் எழுதியவரும் அவர்தான். "காலையில எட்டு மணிக்கு நான் மைப்படி எடுத்தேன். பாருங்க."

ஈரத்தாளைக் கல்லில் ஒட்டி, மேலே மை ஒற்றி எடுத்த படி. கறுப்பில் வெள்ளை எழுத்துகள் பளிச்சென்று விழுந்திருந்தன.

"கல்லு காஞ்சு சுத்தமாக் கெடந்துச்சு. துடைக்கக்கூட வேலையில்ல. அதுக்கப்புறம் இங்கன நின்னது இவனும் இவன் ஆடும்தான்."

"போன வாரம் ஒங்களுக்குத் தண்ணி சுமந்தவன் சாமி நான்" என்றார் ஒச்சாண்டி.

முத்துராஜா திரும்பிப் பார்க்கவில்லை. காரின் பின்கதவைத் திறந்து தாளை வைத்தவர், கழுத்தைப் படாரென்று அறைந்துகொண்டார்.

"எறும்பா சார்? காருக்குள்ள பலகாரம் வச்சிருக்கீகளா?" என்று ஏட்டு சிரித்தார்.

"ஒண்ணுமில்ல" என்று முத்துராஜா கதவைச் சாத்தினார்.

பிற்பகல் இரண்டு மணி. ஸ்டேஷன்.

ஒச்சாண்டியை ரிமாண்டுக்கு அனுப்பக் காகிதம் தயாராகிக்கொண்டிருந்தது. அவர் உள்ளே போனால் ஆடுகளுக்கு நாதியில்லை. அதே ஊரில் மாடு வளர்க்கும் ராஜாத்தி தூக்குச்சட்டியோடு வந்து நின்றாள்.

"ஒச்சாண்டி அண்ணனுக்குச் சீம்பால் கொண்டாந்தேன்."

"குத்தவாளிக்கு விருந்தா ஆத்தா?" என்றார் ஏட்டு.

"குத்தவாளின்னு எந்த மகராசன் சொன்னாக? நேத்து மத்தியானம் என் மாடு கன்னு போட முடியாம முக்குனப்ப, கூட நின்னு காப்பாத்துனது இந்த அண்ணன்தான். ஒங்க சட்டையா வந்து கன்னை இழுத்துச்சு?"

அவித்துக் கட்டியாக்கிய சீம்பாலில் ஒரு துண்டை அவள் முதலில் வியாகுலமேரிக்கு நீட்டினாள். "எடுத்துக்கங்கம்மா. கல்லுக்குக் குடுத்தாச்சு."

"கல்லுக்கா?"

"மாட்டுக்காகச் செத்தவருல்ல. எங்க பக்கம் எந்த மாடு கன்னு போட்டாலும் முதப் பாலு அவருக்குத்தான். நேத்துப் பொழுதடைய, கல்லு முழுக்க எண்ணெய் தேச்சுப் பாலை வழிய வழிய ஊத்திட்டுத்தான் வந்தேன்."

"இதை ஏன் காலையில சொல்லல?"

"யாரு கேட்டாக?"

வியாகுலமேரி சட்டைப்பைக்குள் ஜெபமாலையை இறுக்கிப் பிடித்தாள். காலையிலிருந்து நெஞ்சில் எரிந்த கோபத்துக்கு இப்போது ஒரு முகம் கிடைத்தது. இன்னொரு முகம் பக்கத்திலேயே காக்கிச் சட்டையில் நின்றது.

நான்கு மணி. முத்துராஜாவின் வீடு.

"எண்ணெய் தேச்ச கல்லுல ஈரத்தாள் ஒட்டுமா சார்?"

"ஒட்டாது. சோப்புப் போட்டுக் கழுவணும். ஏன்?"

"நேத்துச் சாயங்காலம் அந்தக் கல்லுல எண்ணெய் வழிஞ்சுது. நீங்க இன்னிக்குக் காலையில காஞ்ச கல்லுல, துடைக்காமப் படி எடுத்தேன்னு சொன்னீங்க. அது பழைய படி. காலையில நீங்க கல்லைப் பாக்கவே இல்ல. ராஜாத்தி போனதுக்கப்புறம், நேத்து இருட்டுனதும், எண்ணெய்கூடத் தெரியாம, சாக்கைச் சுத்தித் தூக்கிட்டீங்க."

"அபாண்டம்!"

அவள் காரின் பின்கதவைத் திறந்தாள். விரிப்பில் எண்ணெய்க் கறை. அதன்மேல் காய்ந்த பால். அதை மொய்த்து எறும்புச் சாரை.

முத்துராஜாவின் கண் கார் ஷெட்டின் பக்கம் போனது. ஏலக்காய்ச் சாக்குகளுக்கு அடியில் கல் கிடந்தது.

"மலைக்கு அங்கிட்டு ஒரு ரிசார்ட்டுல கேட்டாங்க" என்றார் மெல்ல. "கண்ணாடிக்குள்ள பத்திரமா இருக்கும். இங்க ஆட்டுப்புழுக்கைக்கு நடுவுல..."

"அதுக்காகத் தண்ணி குடுத்தவரை ஜெயிலுக்கு அனுப்புவீங்களா?" அவள் கல்லின் மேலிருந்த சாக்கை இழுத்துப் போட்டாள். "இதுல என்ன எழுதியிருக்கு? படிங்க."

"...ஆ மீட்டுப் பட்டான் கல். மாட்டை மீட்டுச் செத்தவனோட கல்."

"மாட்டை ஓட்டிட்டுப் போனவன் பேரு?"

"இல்ல."

"ஆயிரம் வருஷமா இல்ல. களவாண்டவன் பேரை ஒருத்தரும் கல்லுல வெட்டல. உங்க பேரை நான் எஃப்.ஐ.ஆர்ல எழுதுறேன்."

ஸ்டேஷனில் எல்லார் முன்பும் ஏட்டை மன்னிப்புக் கேட்க வைத்தாள். அடித்ததற்கு எழுத்தில் விளக்கமும் கேட்டாள். ஒச்சாண்டி தூக்குச்சட்டியைத் திறந்தார். மிச்சமிருந்த சீம்பாலை இரண்டாக உடைத்தார். ஒரு துண்டைப் பெஞ்சில் குனிந்திருந்த முத்துராஜாவிடம் நீட்டினார்.

"சாப்பிடுங்க சாமி. மத்தியானம் சாப்பிட்டிருக்க மாட்டீக."

முத்துராஜாவின் கை கடைசிவரை எழவில்லை.