இயக்குநரின் பெட்டியில் செத்த காக்கை

விமான நிலைய இயக்குநர் துப்பறிவாளரின் அறைக்குள் நுழைந்தபோது தொப்பை முதலில் வந்தது, கோபம் அடுத்து வந்தது, வணக்கம் வரவே இல்லை.

"மேடையிலயே என் மானம் போச்சு சார்!"

போனது இப்படி. குட்டி விமானங்கள் டவுன் பஸ் மாதிரி வந்து போகும் அவருடைய நிலையத்துக்கு, பக்கத்து நகரத்தில் 'சிறந்த பாதுகாப்பு' விருது. அமைச்சருக்குப் பரிசளிக்க வெள்ளி விமானம் ஒன்றைப் பெட்டியில் கொண்டுபோனார். மேடையில் பெட்டிக்குள் கையை விட்டுக் கம்பீரமாகத் தூக்கினார். கையில் வந்தது செத்த காக்கை.

"சுமை தூக்கறவன் வேலைதான். சின்ன விமானம், உள்ள இடமில்லன்னு படிக்கட்டுல அவன்தான் பெட்டிய வாங்கினான். வேலைய விட்டுத் தூக்கிட்டேன். இப்ப ஆதாரம் மட்டும் வேணும்."

"கேஸ் முடிஞ்சுது அத்தான்!" என்றான் துப்பறிவாளரின் மைத்துனன். தீர்ப்பு சொல்வதில் அவனும் இயக்குநர் ஜாதி.

"அதுக்கு முன்னாடி பெட்டி எங்க இருந்துது?" என்று இயக்குநரைக் கேட்டார் துப்பறிவாளர்.

"கார் டிக்கியில. காலையில வந்ததும் காரைக் கழுவ, நிறுத்துமிடத்துல சாவியக் குடுத்தேன். கிளம்பறப்ப பெட்டிய எடுத்தேன்."

"போலீஸுக்குப் போகலையா?"

"எதுக்கு சார் அதெல்லாம்?"

மறுநாள் துப்பறிவாளர் காரின் டிக்கியைக் குடைந்தார். பிறகு இயக்குநரின் அறைக்கு இரண்டு பேரை வரவழைத்தார். ஒருவர் சுமை தூக்குபவர். வேலை போனதை வீட்டில் இன்னும் சொல்லாததால் தினமும் சீருடையோடு கிளம்பி, பூங்காவில் உட்கார்ந்துவிட்டுத் திரும்புகிறவர். இன்னொருவர் கார் நிறுத்துமிடத்தில் சீட்டுக் கிழிக்கும் பெண். முன்பு பெட்டிகளைச் சோதிக்கும் எக்ஸ்ரே இயந்திரத்தில் உட்கார்ந்திருந்தவர்.

"வெள்ளி விமானம் ஸ்டெப்னிக்கு அடியில பத்திரமா இருக்கு," என்றார் துப்பறிவாளர். "காக்கை பெட்டிக்குள்ள ஏறினது டிக்கியிலதான். படிக்கட்டுல இல்ல."

"அப்படின்னா எக்ஸ்ரேல எலும்பெல்லாம் தெரிஞ்சிருக்குமே அத்தான்? எங்க அக்காவோட நகவெட்டியவே உள்ள விடலயே!"

"தெரிஞ்சிருக்கும். பெட்டி மெஷினுக்குள்ள போயிருந்தா."

இயக்குநர் மின்விசிறியை முதன்முறையாகப் பார்ப்பவர்போலப் பார்த்தார்.

"ஐயா சோதனைக்கே போறதில்ல. தனிக் கதவு வழியா நேரா விமானம்தான். போலீஸ்னா முதல் கேள்வியே அதுதான். அதான் எங்கிட்ட வந்தார். இந்தப் பழக்கம் தெரிஞ்சவங்கதான் தைரியமா காக்கைய வைக்க முடியும். நிறுத்துமிடத்துல அது யாருக்கும்மா தெரியும்?"

அந்தப் பெண் தயங்கவில்லை. "எனக்குத்தான். 'பெட்டிய பெல்ட்ல வைங்க சார்'னு ஒரு தடவ சொன்னேன். 'நான் யார் தெரியுமா'ன்னு பயணிங்க முன்னாடி கத்தினார். மறுநாளே என்னை வெயில்ல நிறுத்தினார். விருதுக்குக் கிளம்பின அன்னைக்கு பெல்ட்ல வச்சிருந்தா நான்தான் மாட்டியிருப்பேன். வைக்கமாட்டார்னு நம்பினேன். ஏமாத்தல." சுமை தூக்குபவரிடம் திரும்பினார். "பழி உங்க மேல விழும்னு நினைக்கலண்ணே. உங்க வேலை போனது இன்னைக்குக் காலையிலதான் தெரிஞ்சுது."

இயக்குநரின் குரல் வெண்ணெயானது. சுமை தூக்குபவருக்கு வேலையைத் திருப்பிக் கொடுக்கும் உத்தரவை எழுதிக் கையெழுத்தும் போட்டார்.

"உன்னையும் மெஷினுக்கே மாத்திடறேம்மா. இந்தக் கதவு விஷயம் மட்டும் வெளிய வேண்டாம்."

உத்தரவைச் சுமை தூக்குபவர் மடித்துச் சட்டைப்பையில் வைக்கும்வரை அந்தப் பெண் காத்திருந்தார்.

"தலைமை அலுவலகத்துல புகார் குடுத்துட்டுத்தான் சார் வரேன். காக்கை வச்சதுக்கு என் மேல, கதவுக்கு உங்க மேல. என் வேலை போயிடும், தெரியும். தனியாப் போனாத்தான் வருத்தம்."