கீழறையில் ஆஜர்

பழைய நீதிமன்ற வாசலில் வக்கீலம்மா வந்து இறங்கியபோது உச்சி வெயில். கொலை வழக்கில் ஆயுள் தண்டனை பெற்ற கைதிக்காக மேல்முறையீடு செய்திருந்தார். "சாட்சிகள் பேசியது ஒன்றுமே என் காதில் விழவில்லை, இதெல்லாம் ஒரு விசாரணையா?" என்பதுதான் அவனுடைய முறையீடு.

அந்தக் கோர்ட்டின் வழக்கம் அப்படி. கூண்டில் நிற்கும் எதிரி, அதாவது குற்றம் சாட்டப்பட்டவன், ஒரு தடவை குரலை உயர்த்தினால் போதும், தரைக்குக் கீழே உள்ள அறையில் அடைத்துவிடுவார்கள். கட்டடத்துக்குள்தானே இருக்கிறான்? 'எதிரி ஆஜர்' என்று எழுதிக்கொண்டு வழக்கை நடத்துவார்கள். கீழறைக் கூரையில் ஓட்டை இருக்கிறது, எல்லாம் கேட்கும் என்று அரசுத் தரப்பு அடித்துச் சொன்னது.

கேட்கிறதா என்று தானே பார்த்துவிட வந்திருந்தார் வக்கீலம்மா.

"மேல நின்னு சாட்சி சொன்னதைச் சத்தமா படிங்கண்ணே," என்றார் கோர்ட் சேவகரான டவாலியிடம்.

"படிக்கிறேம்மா. சாப்பிட்டுட்டா வந்தீங்க?"

"ஆமா, ஏன்?"

"அடடா. வெறும் வயித்தோட வந்திருக்கலாம்," என்றபடி டவாலி கீழறைக் கதவைத் திறந்தார்.

நாற்றமா அது! எலி செத்து, எலியைத் தின்ற பூனை செத்து, பூனைக்காக அழுதவனும் அங்கேயே செத்துக் கிடப்பது போன்ற நாற்றம். ஈகூட மூக்கைப் பொத்திக்கொண்டுதான் நுழையும். படிக்கட்டுக் கைப்பிடி சளிபோல வழுக்கியது. சுவரைத் தொட்டால், விரலை விட மனமில்லாமல் சுவரும் நூல் நூலாகக் கூடவே வந்தது. சாப்பிட்டதை உள்ளேயே அடக்கிக்கொண்டு வக்கீலம்மா கடைசிப் படிவரை இறங்கினார்.

கதவு சாத்தப்பட்டது. வக்கீலம்மா காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்.

மேலே இருந்து ஒரு சொல்கூட வரவில்லை.

வழக்கு ஜெயித்த மாதிரிதான் என்று நினைத்த நேரத்தில், பிடரியில் ஈரமாக ஒரு மூச்சு.

அழுகிய பல்லின் வாடை.

"மேல என்னம்மா சொல்றாங்க?"

வக்கீலம்மா திரும்பவில்லை.

"என் பேரு வந்துச்சா?" இது இடப்பக்கம்.

காலடியில் ஒரு பொக்கை வாய் சப்புக்கொட்டியது. "என் பொண்டாட்டி சாட்சி சொல்ல வந்தாளாம்மா?"

எப்படி மேலே வந்தோம் என்பது வக்கீலம்மாவுக்கே தெரியாது.

"தொண்டைத் தண்ணி வத்தக் கத்தினேம்மா. கேட்டுச்சா?" என்றார் டவாலி.

"நீங்க பேசினது கேக்கல," என்றார் வக்கீலம்மா.

கீழறையைச் சோதிக்க வேண்டும் என்று மனுப் போட்டார். மேல் நீதிமன்றம் ஓர் அதிகாரியை அனுப்பியது. அவர் நிறைய வாந்தியோடும், 'எதுவும் கேட்காது' என்ற சின்ன அறிக்கையோடும் திரும்பினார்.

தீர்ப்பு நாள். பளிங்குத் தரையும் பளீரென்ற வெயிலுமாக மேல் நீதிமன்றம் மின்னியது.

"தண்டனை ரத்து. எதிரியின் காதுபட மறுவிசாரணை நடத்த வேண்டும்," என்றார் நீதிபதி.

கைதி குலுங்கிக் குலுங்கி அழுதான். வக்கீலம்மா நிம்மதியாகக் கண்ணை மூடினார்.

பக்கத்து நாற்காலி வக்கீல் முகத்தைச் சுளித்தார். "என்னங்க இது, குடலைப் புரட்டுது?"

வக்கீலம்மாவின் பிடரி நனைந்தது.

"அவன் கேசு முடிஞ்சுதாம்மா?"

பின்னால், வரிசையாக, எத்தனையோ வாய்கள் மூச்சு விட்டன.

"எங்க கேசு எப்பம்மா?"